சட்டம் என் பொறுப்பு

ஜூன் 4

பொள்ளாச்சியின் வரலாற்றை எழுதப்போகிற அறிஞர்கள் இந்தத் தேதியைத் தங்கத்தில் பொறித்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் சொன்னபடி ஊசியை ஓட்டிப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் சி.என்.சி. இயந்திரம் ஒன்றை எங்கள் வீட்டு கார் ஷெட்டில் கட்டுவதென்று, திருமூர்த்தி ஆகிய நான் இன்றுதான் முடிவு செய்தேன். கார் கிடையாது. ஷெட் உண்டு. சாம்ராஜ்யங்கள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: கடைவீதிப் பாத்திரக் கடை வாசலில் ஒரு சின்ன மேசை, கையில் கர்ரென்று அதிரும் மின்சார ஊசி, மடியில் ஒரு எவர்சில்வர் குடம். அங்கே உட்கார்ந்து பெயர் வெட்டியவன் நான். உடுமலை முதல் பாலக்காடு வரை எந்த வீட்டுப் பரணில் ஏறினாலும் என் எழுத்து உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். சித்திரையிலிருந்து கடைக்குப் போவதில்லை. முதலாளிக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் அக்கா தெய்வானையின் மகள் அருட்செல்விக்கு ஆவணியில் கல்யாணம். மாமன் சீர்ப் பாத்திரங்கள் என் பொறுப்பு. அவற்றில் பெயர் வெட்டுவதும், உலக நியதிப்படி, என் பொறுப்புதான். அருளு கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் எஞ்சினியர். விஷயத்தைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தாள்.

"மிசினு எதுக்குங்க மாமா? எங்கம்மா குடத்துல ஒரு 'தெ' வெட்டியிருக்கறீங்கல்ல, சங்கு மாதர சுழிச்சு? எனக்கு அந்த மாதர ஒரு 'செ' வேணுமுங்."

"கையில வெட்டறதெல்லாம் போன நூற்றாண்டு அம்மிணி. நிலாவுல எறங்கற காலத்துல உங்க மாமன் மடியில குடத்த வெச்சுட்டு உக்கோந்திருந்தா மாப்ள வீட்ல என்ன நெனைப்பாங்க?"

கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். பிறகு, "சரிங்க. மோட்டாரு, கன்ட்ரோலரு, வயரிங் எல்லாம் நான் பாத்துக்கறேன். சட்டம் உங்க பொறுப்பு" என்றாள்.

அவள் சொன்னது மோட்டார்களைத் தாங்கி நிற்கும் சட்டத்தை. ஆனாலும் சட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஒரு மன்னனின் மிடுக்கோடு உள்ளே போய், இந்தக் குறிப்பைப் போனில் பேசிப் பதிகிறேன். அரசர்கள் சொல்வார்கள், எழுத்தர்கள் எழுதுவார்கள். பேனா பிடிப்பதை நான் விட்டுவிட்டேன்.

ஜூன் 8

சட்டத்துக்கு என்ன பொருள்? இதுதான் கேள்வி. முனிவர்கள் காட்டுக்குப் போய் யோசித்த கேள்விகளெல்லாம் இதன் முன்னால் எல்.கே.ஜி. பாடம்.

அருளு விளக்கினாள். இந்த இயந்திரத்தின் ஊசி சுழலாது, வைர முனை. தட்டின்மேல் அழுத்தி இழுத்தால் கீறும். சட்டம் கொஞ்சம் நெளிந்தாலும் எழுத்து நெளியும். சட்டம் நடுங்கினால் ஒற்றைக் கோடு இரட்டைக் கோடாகும்.

"ஆக, எமன் யாரு?"

"நடுக்கந்தானுங்க மாமா."

நல்லது. எதிரியின் பெயர் தெரிந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை விளிம்பில் நீட்டிப் பிடித்து, நுனியில் ஒரு சாவியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நீட்டிக்கொண்டிருந்த நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொங்கல் இரண்டு மடங்கு ஆகவில்லை. எட்டு மடங்காம், அருளு கணக்குப் போட்டாள். அதே ஸ்கேலைப் பட்டையாக இல்லாமல் செங்குத்தாக நிறுத்தினால், சாவி என்ன, வீட்டையே தொங்கவிடலாம் போல நிற்கிறது. ஒரே ஸ்கேல்! நிறுத்துகிற விதத்தில் இத்தனை வித்தியாசமா? மத்தியானம் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தேன். என் மனைவி மரகதம் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப் படுத்துவிட்டாள்.

ஜூன் 10

முதல் வேட்பாளர்: எம்.டி.எஃப்., மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. அறுக்க வெண்ணெய். தட்டினால் 'தொப்' என்று அடங்கிவிடுகிறது, நடுக்கத்தை அப்படியே விழுங்கிவிடும் போல. இதைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்கவேண்டும்.

ஜூன் 19

சிலையை ரத்து செய்கிறேன். ஒரு வாரமாகத் தென்மேற்குச் சாரல். பலகையின் ஓரங்கள் ஈரத்தைக் குடித்து, கல்யாண வீட்டில் மூன்று பந்தி சாப்பிட்டவன் வயிறு மாதிரி உப்பிவிட்டன. நேராக இருந்த விளிம்பில் இப்போது ஆனைமலையின் முழுத் தோற்றமும் தெரிகிறது.

மரகதம் இப்போதெல்லாம் காப்பியை அரை டம்ளர்தான் ஊற்றித் தருகிறாள். கேட்டால் இன்னொரு அரை டம்ளர் தருகிறாள். என்ன சிக்கனமோ.

ஜூன் 27

இரண்டாம் வேட்பாளர்: அலுமினியம். நான்கு பக்கமும் பள்ளம் ஓடும் நீளக் கம்பங்கள், போல்ட் போட்டுக் கோர்த்தால் போதும். பழைய மாடல் ஒன்றைக் கம்பெனியில் கேட்டு அருளு கொண்டுவந்திருந்தாள். ஒரு கையால் தூக்கினேன். இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான்.

"அப்பறம் என்ன, இதுதான் ராசா" என்றேன்.

"விறைப்பும் மூணுல ஒரு பங்குதானுங்க மாமா. எடைக்கு எடை பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்."

இது என்ன மாயம்! இயற்கை இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தி அனுப்பியிருக்கிறது. விமானத்துக்கு அலுமினியம், ஏனென்றால் அது பறக்கவேண்டும். என் இயந்திரம் எங்கே பறக்கப்போகிறது? கார் ஷெட்டில் உட்கார்ந்திருக்கப்போகிறது. அதற்கு எடை பாரமல்ல, வரம். இந்த உண்மை உதித்தபோது நான் எழுந்து நின்றேன்.

வளைவை அளக்க அருளு ஒரு டயல் கேஜும் கொண்டுவந்திருந்தாள். கடிகாரம் மாதிரி முகம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அசைந்தாலும் முள் ஓடிவிடும். கம்பத்தைக் கட்டை விரலால் அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். முள் ஓரிடத்தில் நிற்காமல் குதியாட்டம் போட்டது. கையை எடுத்தேன், நின்றது. வைத்தேன், ஆடியது. அவள் அழுத்தினால் பூனை மாதிரி படுத்துக்கொள்கிறது.

"பாரு, இதுக்கு என்னையக் கண்டா ஆகறதில்ல" என்றேன்.

"ஆமாங்க மாமா" என்றாள். வழக்கமாகச் சிரிப்பாள். இன்று கேஜைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரமாக.

ஜூலை 5

இரும்புச் சதுரக் குழாய். என் சேக்காளி காளியண்ணன், மார்க்கெட் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், கையைக் கட்டிக்கொண்டு என் வரைபடத்தைப் பார்த்தான்.

"ஏன்டா மாப்ளே, இது பேரு வெட்டற மிசினா, ஆழியாறு டேம் ஷட்டரா?"

"பேசாம பத்த வை."

"வெச்சா நெளியுமடா. சூடு ஆறுறப்ப இழுக்கும்."

"என்ற சட்டம் எனக்குக் கட்டுப்படும்."

கட்டுப்படவில்லை. ஒரு பக்கமாகவே தொடர்ந்து பற்றவைக்கச் சொன்னது நான்தான், வேகமாக முடியுமே என்று. ஆறிய பிறகு மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தால் ஒரு மூலை தரையைத் தொடாமல் விறைத்துக்கொண்டு நிற்கிறது. நாலு காலில் மூன்று கால்தான் பூமியில். காளியண்ணன் ஒரு வாழைப்பழத்தை உரித்து, வளைவை என் பக்கம் காட்டியபடி நிதானமாகத் தின்றான்.

ஜூலை 9

அறுத்து மறுபடி பற்றவைத்தாயிற்று. இந்த முறை இங்கே ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி. இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டதால் நேராக நிற்கிறது. பிரமாதம்! என்று சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

ணங்ங்ங்ங்ங்.

சுப்பிரமணியசாமி கோயில் மணி தோற்றது. பக்கத்து வீட்டில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விறைப்பாக இருக்கிறது, வளையவே மாட்டேன் என்கிறது, ஆனால் தட்டினால் அடங்கமாட்டேன் என்கிறது. விறைப்பு வேறு, அடக்கம் வேறாம்! பலகைக்கு அடக்கம் இருந்தது, விறைப்பு இல்லை. இரும்புக்கு விறைப்பு இருக்கிறது, அடக்கம் இல்லை. எங்கள் சொந்தக்காரர்களையெல்லாம் இந்த இரண்டு வகையில் பிரித்துவிடலாம் என்று தோன்றியது. மரகதத்திடம் சொன்னேன். தன் அண்ணன்மார் எந்த வகை என்று கேட்டாள். அலுமினியம் என்றேன்.

ஜூலை 12

குழாய்க்குள் மணலைக் கொட்டி இறுக்கினேன். தட்டினால் 'தொம்'. அவ்வளவுதான். உள்ளே கோடிக்கணக்கான மணல் ஒன்றோடொன்று உரசி, அதிர்வைச் சூடாக்கி முழுங்கிவிடுகிறதாம். அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்க்க முடியுமா என்று கன்னத்தை வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்துப் பார்த்திருக்கலாம், காளியண்ணன் வந்துவிட்டான்.

ஜூலை 18

பாத்திரக் கடை முதலாளி வீட்டுக்கு வந்தார். என் மேசையில் புது ஆளை உட்கார வைத்திருக்கிறாராம். எழுத்து எப்படி என்றேன். பரவாயில்லை என்றார். பரவாயில்லையாம்!

சித்திரையில் நான் வெட்டிய சொம்பு ஒன்றை யாரோ திருப்பிக் கொண்டுவந்து விட்டார்களாம், அதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த வாடிக்கையாளருக்குக் கண்ணில் கோளாறு. கண்ணாடி மாற்றச் சொல்லுங்கள் என்றேன்.

ஜூலை 21

அடித்தளம் பாக்கி. அதற்குக் கல்! பூமி தன் அடுப்பில் வைத்து, கோடி வருடம் ஆறவிட்டு, இனி நெளிய ஒன்றுமில்லை என்று அனுப்பிய பொருள். கிரானைட்டைவிட அடக்கமான பிராணி உலகில் இல்லை. இந்த ஞானத்தோடு நான் சமையலறைக்குள் போய் அடுப்பு மேடையை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். அருமையான 'தொப்'.

"அந்த மேடையத் தொட்டீங்கன்னா அதே கல்லுல உங்க பேர வெட்ட வேண்டியது வருமுங்க" என்றாள் மரகதம், மிக்சியை நிறுத்தாமல்.

கிரானைட் கடையில் ஒரு விளிம்பு உடைந்த துண்டு கேட்டு வாங்கினேன். தூக்க நான்கு பேர். என்னையும் சேர்த்துச் சொன்னால் ஐந்து. நான் கட்டளை பிறப்பித்தேன்.

ஆகஸ்ட் 3

முடிந்தது!

கீழே கல், மேலே மணல் நிரம்பிய இரும்புப் பாலம், அதில் அருளு பூட்டிய மோட்டார்கள். கேஜை வைத்து அவளே அழுத்தினாள். முள் செத்துப்போன மாதிரி கிடந்தது. சோதனைக்கு ஒரு பழைய தட்டில் 'மாமா' என்று வெட்டினாள். ஊசி இறங்கி, சர்ரென்று வழுக்கி, ஏறியது. கோடு என்றால் அப்படி ஒரு கோடு. தலைமுடியை நறுக்கி ஒட்டிய மாதிரி.

"கம்ப்யூட்டர் எழுத்துதானுங்க மாமா. உங்குளுது மாதர சுழி இருக்காது."

"நடுக்கம் இருக்காதுல்ல?"

"இருக்காதுங்."

"அது போதும்."

ஆகஸ்ட் 11

இன்று சரித்திரம் வேகமாக நடந்தது. அருளு வேலைக்குப் போகுமுன் கம்ப்யூட்டரில் எழுத்தை ஏற்றிவைத்துவிட்டு, "ஒண்ணு மட்டும் வெட்டி வெய்ங்க மாமா, சாயந்தரம் வந்து பாக்கறேன்" என்றாள். ஒன்றோடு நிறுத்த நான் என்ன கஞ்சனா? தாம்பாளம், தட்டு, தூக்குப்போசி மூடி, கவிழ்த்துப் போட்ட அண்டாவின் அடி, எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்தேன். இயந்திரம் தின்றுகொண்டே இருந்தது.

நான் எழுத்தைப் பார்க்கவில்லை. சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சின்ன அதிர்வாவது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கல் அசையவே இல்லை.

மரகதம் சொல்கிறாள், அந்த ஸ்கேல் நாளுக்குப் பிறகு நான் சாப்பிட மறந்தது இன்றுதானாம்.

ஆகஸ்ட் 11, சாயந்தரம்

அருளு ஒரு தாம்பாளத்தை எடுத்தாள். படித்தாள். கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

'அருட்செல்வி – மாமன் சீர்' என்று இருக்கவேண்டும். 'அருடசெலவி – மாமன சீர' என்று இருந்தது. எல்லாப் பாத்திரத்திலும்.

ஒரு புள்ளி கூட இல்லை.

விஷயம் எளிது. வைர முனை இழுத்தால்தான் கீறும். புள்ளிக்கு ஏது இழுப்பு? அதற்கு நீளமே கிடையாது. ஊசி போய் முத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது, தடம் இல்லை. கோடு மட்டும் தெரிந்த எவனோ கம்ப்யூட்டருக்கு எழுதிய கணக்கு. சோதனைக்கு நாங்கள் வெட்டிய 'மாமா'வில் புள்ளியே இல்லை என்பதை யோசித்தால் தலையை அந்தக் கிரானைட்டிலேயே முட்டிக்கொள்ளலாம்.

"சின்ன வட்டமாப் போட்டுக் குடுத்திருக்கோணும். எந் தப்புதானுங்க மாமா."

காளியண்ணன் எட்டிப் பார்த்தான். "அருட செலவி! ஏனம்மிணி, பொறந்த வூட்டுக்கா, புகுந்த வூட்டுக்கா செலவு?"

"இப்ப மறுபடி மிசின்ல வெக்க முடியாதா?" என்றேன்.

"பாத்தரத்தையெல்லாம் எடுத்துட்டீங்களே. அதே எடத்துல மயிரிழை பெசகாம உக்கார வெக்க முடியாதுங்."

"அட, இதுக்கா இத்தன யோசன?" என்றாள் மரகதம். என்றவள் உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காளியண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். "அதானே! புள்ளிதானடா மாப்ளே. கூர் உளியப் புடிச்சு நாலு தட்டு. உனக்கு அரை மணி நேரத்து வேலை."

உளி மழுங்கியிருக்கிறது என்றேன். புது உளி தருகிறேன் என்றான். இன்றைக்கு அஷ்டமி என்றேன். இல்லை என்று காலண்டரைக் காட்டினான். புள்ளியே இல்லாமல் எழுதுவதுதான் ஓலைச்சுவடிக் காலத்து ராஜ வழக்கம், மாப்பிள்ளை வீட்டார் பார்த்து மெய்சிலிர்ப்பார்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 12

வயிறு சரியில்லை. ஷெட்டைப் பூட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. அருளு தனியாக வந்தாள். சாவியை மரகதத்திடம் வாங்கியிருக்கிறாள். தாம்பாளத்தைக் கல்லின்மேல் வைத்து, உளியை என் முன்னால் நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு வெய்ங்க மாமா."

"கண்ணு, நாளைக்கு..."

"ஒண்ணு."

பிடித்தேன். 'ட'வின் தலைக்கு மேல் கொண்டுபோனேன். சுத்தியலை இன்னும் எடுக்கவே இல்லை. உளியின் முனை தாம்பாளத்தில் தானாகவே தட்ட ஆரம்பித்தது. டிக்டிக்டிக்டிக் என்று. அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த குழாயை மரகதம் நிறுத்தினாள். வீடு முழுக்க அந்தச் சத்தம்தான்.

உளியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு ஒரு நகைச்சுவை தேடினேன்.

"எப்பத்துல இருந்துங்க மாமா?"

"எது?"

"அந்த முள்ளு ஆடுனப்பவே எனக்குத் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"மாமன் கையில நடுக்கம்னு ஊரு சொல்லிட்டா, அந்தக் கையில சீர வாங்கற புள்ளைக்கு நல்லாவா இருக்கும்?"

"நடுக்கம்னாத்தான உங்களுக்கு ரொம்பப் புடிக்கும்? ரெண்டு மாசமா அதே ஆராய்ச்சிதான். பலகை, அலுமினியம், இரும்பு, கல்லு. எது எதுக்கோ ஏன் நடுங்குதுன்னு கேட்டீங்க. இதுக்கு மட்டும் ஏனுங்க யார்கிட்டயும் கேக்கல?"

என் நாற்பது ஊர்ப் புகழில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. பதில் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. பயம் என்றால் எனக்குத் தெரிந்திருக்குமே.

அவள் ஒரு இரும்புப் பட்டையில் ஓட்டை போட்டாள். அதைத் தாம்பாளத்தின்மேல் எழுத்துக்கு நேராக வைத்து அழுத்திப் பிடித்தாள். ஓட்டைக்குள் உளியை விட்டேன். எங்கே போகும்? அங்கேயேதான் நின்றாகவேண்டும். முழங்கையைக் கல்லில் ஊன்றச் சொன்னாள். ஊன்றினேன். தட்டினேன். ஒரு புள்ளி.

ட், ல், ன், ர். அடுத்த பாத்திரம். ட், ல், ன், ர். இருட்டும்வரை தட்டினோம். சில புள்ளிகள் ஆழமாக விழுந்தன, சில தூக்கக் கலக்கத்தில் விழுந்தன. அண்டாவில் ஒன்று 'ல்'லை விட்டு நகர்ந்து 'வி'யின் வளைவில் உட்கார்ந்துவிட்டது. தேய்த்துவிடலாம் என்றேன்.

"இருக்கட்டும் மாமா. அது மாமன் வெச்சது."

போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "மறுவீட்டுக்கு வர்றேன்ல, அடுத்த நாள் கோயமுத்தூர்ல டாக்டர்கிட்டப் போறோம். பேரு பதிஞ்சாச்சு" என்றாள். சம்மதம் கேட்கவில்லை. மாமனுக்கு மருமகள் சட்டம்.

ஆகஸ்ட் 28

கல்யாணம். பந்தியில் பாயசம் பெருகி ஆழியாறு நிரம்பியதாகக் கேள்வி. சீர்த்தட்டுகளைத் தூக்கி வந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா ஒன்றைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"எழுத்து மிசினு மாதர இருக்குது, புள்ளி கை வேலை மாதர இருக்குதுங்களே?"

மணவறையிலிருந்தே அருளு பதில் சொன்னாள். "எழுத்து மிசினு. புள்ளி எங்க மாமா."

பெரியப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொஞ்சம் அதிகமாகவே குலுங்கியிருக்கும். அவர் ஒன்றும் நினைத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

செப்டம்பர் 1

புது மாப்பிள்ளையை மரகதத்தின் விருந்துக்குப் பலிகொடுத்துவிட்டு, அருளு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நரம்பு டாக்டர், சின்ன வயது அம்மா. கையை நீட்டச் சொன்னார். மடக்கச் சொன்னார். ஒரு தாளைக் கொடுத்து நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னார். வரைந்தேன். சுருளின் கோடு முழுக்கப் பல் பல்லாக இருந்தது, அரிவாள்மணையின் தேங்காய்த் துருவி மாதிரி. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, பற்களை எண்ணுகிற மாதிரி பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே சுவாரசியமாகத்தான் இருந்தது. இதில் எத்தனையோ வகை உண்டாம். ஓய்வில் நடுங்குவது ஒன்று, வேலை செய்யும்போது மட்டும் நடுங்குவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. பார்த்துச் சொல்லலாம், பயப்பட ஒன்றும் இல்லாமல் கூட இருக்கலாம் என்றார்.

"எவ்வளவு தொந்தரவா இருக்குதுங்க, அன்றாடத்துக்கு?"

பேருந்தில் வரும்போதே இதற்கு ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். அதில் பூகம்பம் இருந்தது, ஆழியாறு அணை இருந்தது, நான் கை நீட்டினால் டெல்லி வரை மின்விசிறி ஆடும் என்பது இருந்தது. வாயைத் திறந்தேன். அருளு என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி.

"சட்டைக்குப் பொத்தான் போட முடியறதில்லீங்" என்றேன். "ஊட்டுக்காரிதான் போட்டு உடறா."